என் எடைக்கு நானே போட்ட கழிவு

சர்க்கரை நோய் வந்தவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. யாராவது "ஒடம்புக்கு என்ன?" என்று கேட்டால் "சுகர்" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடலாம். பிரஷர், மூலம், குடலிறக்கம் எல்லாமே அப்படித்தான். எனக்கு வந்த வியாதியைச் சொல்லி முடிப்பதற்குள் பெரம்பலூரில் பஸ் ஏறினவர் அரியலூரில் இறங்கிவிடுவார். பாதிக் கதையில் இறங்கிப் போனவர்கள்தான் அதிகம். அவர்கள் எல்லாம் சேர்ந்து "கலியமூர்த்திக்கு ரத்தத்துல துத்தநாகம் ஏறிப்போச்சாம், பாஷாணம் குடுத்து எறக்குறாங்களாம்" என்று ஊரில் சொல்லி வைத்திருக்கிறார்கள். அதனால் ஒரே ஒரு தடவை முழுசாக எழுதிவிடுகிறேன். இனிமேல் கேட்கிறவர்களிடம் இந்தக் காகிதத்தை நீட்டிவிட்டு நான் டீ குடிக்கப் போகலாம்.

நான் பெரம்பலூரில் ஒரு வெங்காய மண்டியில் எடை போடுகிறவன். இருபத்திரண்டு வருஷமாக அதுதான் வேலை. மூட்டையைத் தராசில் ஏற்றி, முள் காட்டுகிற எடையில் சாக்குக்கு இவ்வளவு, ஒட்டியிருக்கிற மண்ணுக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழித்து, மிச்சத்தை உரக்கச் சொல்ல வேண்டும். இந்தக் கழித்தலுக்குத்தான் கழிவு என்று பெயர். வெங்காயம் கொண்டு வந்தவர் "ரொம்பக் கழிக்கிறியேப்பா" என்பார். வாங்குகிறவர் "இன்னும் கொஞ்சம் கழியேன்" என்பார். இரண்டு பேரும் திட்டினால் எடை சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

தை மாசக் கடைசியில் என் முழங்கைக்கு மேலே நீலமாக ஒரு திட்டு வந்தது. எங்கேயோ இடித்துக்கொண்டேன் என்று நினைத்தேன். மறுநாள் தொடையில் இரண்டு, விலாவில் ஒன்று. மண்டியில் மூட்டை தூக்குகிற பழனிவேலு இதைப் பார்த்துவிட்டான்.

"என்னண்ண, வூட்ல பலமா கவனிப்பு போல?"

"கதவுல இடிச்சுக்கிட்டேன்டா."

"கதவு ரெண்டு பக்கமும் வந்து அடிச்சுச்சாக்கும்."

என் மனைவி கொளஞ்சி குன்னத்தில் தையல் கடை வைத்திருக்கிறாள். சாயங்காலம் அவளிடம் இதைச் சொன்னேன். அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "நான் அடிச்சா திட்டு விழாது, தழும்பு விழும். நாளைக்கு டாக்டரப் பாருங்க" என்றாள். நான் பார்க்கவில்லை. பல் துலக்கும்போது ரத்தம் வந்தது, பிரஷ்ஷை மாற்றினேன். மறுபடி வந்தது, பேஸ்ட்டை மாற்றினேன். மூன்றாம் நாள் மூக்கிலிருந்து வந்தது. மூக்கை மாற்ற முடியாது என்பதால் கொளஞ்சி தன் தம்பிக்குப் போன் போட்டாள்.

தம்பி ராசேந்திரன் அரியலூரில் சிமெண்ட் லாரி ஓட்டுகிறான். உலகத்தில் எது வேண்டுமானாலும் அரியலூரில்தான் நன்றாகக் கிடைக்கும் என்பது அவன் எண்ணம். வாடகைக் கார் எடுத்து வந்து எங்களை அங்கே ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனான். ரத்தம் எடுத்தார்கள். எடுத்த இடத்தில் பஞ்சு வைத்து அழுத்தச் சொன்னார்கள். நான் அழுத்தினேன், கொளஞ்சி அழுத்தினாள், ராசேந்திரன் அழுத்தினான். ரத்தம் நிற்கவில்லை. பரிசோதனைக் கூடத்துப் பெண், "எண்ணிக்கை தப்பா வருது, இன்னொரு தடவ எடுக்கணும்" என்றாள். இரண்டாவது தடவையும் அதே தப்புதான் வந்தது.

டாக்டர் வயதானவர். சுற்றி வளைக்காமல் சொன்னார்: "ரத்தக் குழாயில ஓட்ட விழுந்தா ஓடிப்போயி அடைக்கிற அணுவுக்குத் தட்டணுன்னு பேரு. ஒன்ற லச்சத்துக்கு மேல இருக்கணும். ஒங்களுக்குப் பதினோராயிரம். பெரம்பலூருக்கு வெளிய அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில ரத்த வியாதிக்குன்னு ஒரு டாக்டரம்மா இருக்காங்க. சொல்லி வக்கிறேன். இப்பவே போங்க. வழியில மண்டையில எங்கயும் இடிச்சுக்காதீங்க."

திரும்பி வந்த பயணத்தை நான் மறக்க மாட்டேன். சிமெண்ட் லாரியை விரட்டி ஓட்டுகிற ராசேந்திரன் அன்றைக்குக் காரைத் தேர் மாதிரி ஓட்டினான். ஒவ்வொரு பள்ளத்துக்கும் நிறுத்தி, இறங்கிப் பார்த்து, ஏறி, மெதுவாக இறக்கினான். மூன்று பேரும் ஒரு ஆட்டுக்குட்டியும் ஏறியிருந்த ஒரு மொபெட் எங்களை முந்திக்கொண்டு போயிற்று. ஆட்டுக்குட்டி எங்களைத் திரும்பிப் பார்த்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் காத்திருக்கிற இடம் நம் பஸ் ஸ்டாண்டு போலத்தான், பஸ் மட்டும் கிடையாது. காப்பீட்டு அட்டைக்கு ஒரு வரிசை, சீட்டுக்கு ஒரு வரிசை. எந்த வரிசை எதற்கு என்று சொல்கிறவரைப் பார்க்க இன்னொரு வரிசை. ஆனால் அரியலூர் டாக்டரின் சீட்டைக் காட்டியதும் என்னைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்து எல்லா வரிசைக்கும் முன்னால் தள்ளிக்கொண்டு போனார்கள். அப்போதுதான் எனக்கு முதல் முறையாகப் பயம் வந்தது. ஆஸ்பத்திரியில் நம்மைக் காக்க வைக்கிற வரைக்கும் நாம் நன்றாக இருக்கிறோம்.

இடுப்பெலும்புக்குள் ஊசி விட்டு மஜ்ஜை எடுத்தார்கள். எலும்புக்கு உள்ளே இருக்கிற கஞ்சி மாதிரியான பொருள் அது. ரத்த அணுக்கள் அங்கேதான் பிறக்கின்றன. மரத்துப்போக ஊசி போட்டார்கள் என்றாலும், உறிஞ்சுகிற அந்த ஒரு நொடியில் என் உயிர் இடுப்பு வழியாகக் கிளம்பிப் போய், மறந்துவிட்ட செருப்பை எடுக்கத் திரும்பி வந்தது போல இருந்தது.

டாக்டரம்மாவின் பெயர் வஹிதா. லப்பைக்குடிக்காட்டுக்காரர். எங்கள் மூன்று பேரையும் உட்கார வைத்து, "இது ரத்தப் புற்றுநோயில ஒரு வகை" என்றார். ராசேந்திரன் எழுந்து நின்றான், பிறகு உட்கார்ந்தான். கொளஞ்சி என் கையைப் பிடிக்க வந்து, நீலத் திட்டைப் பார்த்துவிட்டு, சட்டைக் கையை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

"பேரு பெருசு, புரோமைலோசைட்டிக் லுக்கீமியா. ஆனா இந்த வகையில மருந்துக்குக் கட்டுப்பட்டுப் பொழச்சு வர்றவங்கதான் ரொம்பப் பேரு. ஆரம்பத்துல சில வாரந்தான் கண்டம். அதத் தாண்டிட்டம்னா போதும்" என்றார் டாக்டர் வஹிதா.

"எதனால வந்துச்சு டாக்டர்?" என்று கேட்டேன். "வெங்காயத் தூசியா?"

"வெங்காயத்த விடுங்க. சொல்றேன், கேளுங்க. செல்லுக்குள்ள புரதம்னு ஆயிரக்கணக்கான வேலக்காரங்க இருக்காங்க. அதுல சில பேரு வேல, எழுதி வச்சிருக்கிற உத்தரவுல எதப் படிக்கணும், எதப் படிக்கக் கூடாதுன்னு பாத்துக்கறது. 'வளரு', 'பெருகு', 'போதும், நிறுத்து', இப்படித்தான் உத்தரவு. அந்த எழுத்தத் தொட்டுப் புடிக்க இந்தப் புரதத்துல வெரலு மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கும். அந்த வெரலு மடங்கி வெறப்பா நிக்கிறதுக்கு உள்ள ஒரே ஒரு துத்தநாக அணு உக்காந்திருக்கும். அது இல்லன்னா வெரலு தொளதொளன்னு போயிடும். அதனால துத்தநாக வெரல் புரதம்னு பேரு."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கொளஞ்சிதான் பேசினாள்: "காலருக்குள்ள கேன்வாஸ் வச்சுத் தக்கிறோமே, அது மாதிரிங்களா? கேன்வாஸ் இல்லன்னா காலர் படுத்துக்கும்."

டாக்டர் வஹிதா பேனாவை மேசைமேல் வைத்தார். "அதேதாம்மா. இத்தன வருசமா எனக்கு இது தோணல."

ராசேந்திரனுக்குத் தானும் ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. "மக்காச்சோளம் வெளுத்துப் போனா ஜிங்க் சல்பேட் போடுவோமே, அந்த ஜிங்க்குங்களா?"

"அதே ஜிங்க்தான். ஆனா ஒங்க மாமாவுக்கு அது கொறயல. நீங்க பாட்டுக்கு ஒரு பை வாங்கிட்டு வந்துடாதீங்க."

ராசேந்திரன் போனைப் பைக்குள் வைத்தான். உரக்கடை நம்பரைத் தேடி எடுத்திருந்தான் என்பது எனக்குத் தெரியும்.

டாக்டர் தொடர்ந்தார். "இவருக்கு என்ன ஆச்சுன்னா, தனித்தனியா இருக்க வேண்டிய ரெண்டு புரதம் ஒண்ணா ஒட்டிக்கிச்சு. ரெண்டுலயும் துத்தநாக வெரலு உண்டு. அதுல ஒண்ணுக்கு என்ன வேலன்னா, வைட்டமின் ஏ-யிலேருந்து வர்ற சேதியக் கேட்டு, எளசா இருக்கிற வெள்ளணுவப் பாத்து 'முத்து'ன்னு சொல்லணும். ஒட்டுனதுக்கப்புறம் அதுக்குச் சேதி காதுல விழல. வெரலால உத்தரவப் புடிச்சுக்கிட்டு விடவும் மாட்டேங்குது. அதனால அணு எல்லாம் முத்தாமயே பெருகிக்கிட்டுக் கெடக்கு. தட்டணுவுக்கு எடமில்ல."

இப்போது எனக்கே புரிந்தது. தாள் மட்டும் செழித்து வளர்ந்து, அடியில் காய் திரளாமல் போன வெங்காயக் கொல்லை. பார்க்கப் பச்சைப்பசேல் என்று இருக்கும்; பிடுங்கினால் ஒன்றும் இருக்காது.

"மருந்து ரெண்டு. ஒண்ணு மாத்திர, வைட்டமின் ஏ குடும்பம். காது கேக்காத அந்தப் புரதத்துக்கிட்ட போயி 'முத்து'ன்னு சத்தம் போடும். இன்னொண்ணு தினமும் டிரிப்ல ஏத்தணும். அது போயி, துத்தநாகம் உக்கார்ற எடத்துலயே வெரலப் புடிச்சுக்கும். ஒட்டுன புரதம் உருக்கொலஞ்சு போயி, செல்லே அதக் குப்பைன்னு ஒதுக்கி அழிச்சிடும்."

"அதுக்குப் பேரு என்னங்க டாக்டரம்மா?" என்றாள் கொளஞ்சி.

"ஆர்சனிக்."

"தமிழ்ல?"

டாக்டர் வஹிதா சற்றுத் தயங்கினார். "பாஷாணம்னு சொல்லுவாங்க. ஆனா அளவா..."

கொளஞ்சி எழுந்துவிட்டாள். "ஏங்க, எந்திரிங்க. அத வூட்லயே குடுத்திருப்பனே, இதுக்கா இம்புட்டு தூரம்?"

அவளை மறுபடி உட்கார வைக்கக் கால் மணி நேரம் ஆனது. அளவோடு கொடுத்தால் இந்த வியாதிக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். கடைசியில் கொளஞ்சி ஒரு நிபந்தனை போட்டாள்: பாட்டில்மேல் எழுதியிருக்கிறதை யாரும் படித்துவிடாதபடி துணி போட்டு மூட வேண்டும். வெளிச்சம் படாமல் இருக்க மூடுகிறோம் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று டாக்டரும் ஒப்புக்கொண்டார். கொளஞ்சி பூப்போட்ட ரவிக்கைத் துணியில் ஒரு உறை தைத்துக் கொண்டுவந்தாள். அந்த வார்டிலேயே பாவாடை கட்டின டிரிப் என்னுடையது ஒன்றுதான். பார்க்க வந்தவர்களிடம் அவள் "குளுக்கோஸு" என்று சொல்லிவிடுவாள்.

அன்றைக்கே டாக்டர் இன்னொன்றும் சொன்னார். அதை இப்போது எழுதும்போது கை கூசுகிறது. "அணு எல்லாம் ஒரே சமயத்துல முத்தக் கெளம்புறப்ப ஒடம்புல நீர் கோத்துக்கலாம். நுரையீரல்ல கோத்துக்கிட்டா உயிருக்கே ஆபத்து. மருந்து வேல செய்யறப்பவே வர்ற ஆபத்து இது. காச்சல் வந்தாலோ, மூச்சு வாங்குனாலோ, எட ஏறுனாலோ ஒடனே சொல்லணும். தினம் காலைல எட பாக்கணும்."

கொளஞ்சி அப்போது அட்டை வரிசைக்குப் போயிருந்தாள். நான் தனியாகத்தான் கேட்டேன். எடை என்ற வார்த்தை காதில் விழுந்ததும், 'அட, நம்ம தொழில்' என்று மனம் குளிர்ந்துவிட்டது. மீதியெல்லாம் அந்தக் குளிர்ச்சியில் நனைந்து போயிற்று.

எங்கள் வார்டு நர்சு ஜெசிந்தா, ஏலாக்குறிச்சிப் பெண். முதல் நாள் என்னை மெஷினில் ஏற்றி அறுபத்தொன்றரை என்று எழுதிக்கொண்டார். மறுநாள் அவருக்கு இருபது பேருக்கு ஊசி. நான் போய், "சிஸ்டர், நான் எட போடுறவன். நானே பாத்துச் சொல்லிடறேன்" என்றேன். "ஐயாவுக்குப் போயி நான் சொல்லித் தரணுமா? சொல்லுங்க, எழுதிக்கறேன்" என்று சிரித்தார். என் பேச்சை நம்பியதைத் தவிர அவர் மேல் ஒரு குற்றமும் கிடையாது. பெரம்பலூர்ச் சந்தையே நம்பிய வாய் இது.

முதல் வாரம் வேடிக்கையாகத்தான் போயிற்று. எனக்குத் தட்டணு ஏற்ற ஆள் வேண்டும் என்றதும் ராசேந்திரன் அரியலூரிலிருந்து ஆறு லாரி டிரைவர்களைக் கூட்டிவந்தான். ஆறு பேரும் பாறை மாதிரி ஆட்கள். ஊசியைப் பார்த்ததும் அதில் இரண்டு பாறை சரிந்து விழுந்தது. அவர்களுக்கே முதலில் படுக்கை போட வேண்டியதாயிற்று. மீதி நாலு பேர் கொடுத்துவிட்டு, "மாமா, எங்க ரத்தம் ஏறிடுச்சில்ல, இனிமே ஹாரன் அடிக்காம நடக்க மாட்டீங்க" என்றார்கள்.

பார்க்க வருகிறவர்கள் சொல்வதைத் தனி நோட்டில் எழுதி வைத்திருக்கலாம். தூரத்துச் சொந்தம் ஒருவர் ஆரஞ்சுப் பையோடு வந்து, என் காலடியில் உட்கார்ந்து, "ஒண்ணும் பயப்படாத. எங்க பெரிய மாமனுக்கும் இதே ரத்த வியாதிதான். டாக்டரு என்னா கவனிச்சாங்கங்கற! போன வெள்ளிக்கெழம கருமாதி. சாப்பாடு பிரமாதம்" என்றார். பழனிவேலு வந்து பாவாடை கட்டின டிரிப்பை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "அண்ண, நீ இல்லாம மண்டியில எடயே சரியில்ல. திட்டுறதுக்கு ஆளில்லாம எல்லாரும் அவங்கவங்க வூட்ல போயி சண்ட போடுறாங்க" என்றான். அதைவிட நல்ல மருந்தை யாரும் கொண்டுவரவில்லை.

கொளஞ்சி எனக்கு ஒரு சட்டை தைத்தாள். டிரிப் ஏறுகிற கைப்பக்கம் தோளிலிருந்து மணிக்கட்டு வரை பொத்தான் வைத்து, கையை அசைக்காமலே கழற்றுகிற மாதிரி. இரண்டே நாளில் வார்டில் ஏழு பேர் அளவு கொடுத்துவிட்டார்கள். டாக்டர் வஹிதா ரவுண்டு வரும்போது என் படுக்கைக்குப் பக்கத்தில் எப்போதும் யாராவது ஒருவர் கையை நீட்டி நின்றுகொண்டிருப்பார். வியாதிக்காரர் யார், வாடிக்கைக்காரர் யார் என்று அவர் சட்டையைப் பார்த்துத்தான் கண்டுபிடிப்பார்.

இனி எடைக்கு வருகிறேன். மெஷினில் ஏறினால் எனக்குக் கழிக்காமல் வாய் வராது. கைலிக்கு அரைக் கிலோ. கையில் ஊசி ஆடாமல் கட்டியிருக்கிற அட்டைக்குக் கொஞ்சம். காலையில் குடித்த தண்ணீர் இன்னும் என் உடம்பாக ஆகவில்லை, அதற்குக் கொஞ்சம். இப்படித்தான் ஆரம்பித்தது. ஐந்தாம் நாள் மெஷின் அறுபத்து மூன்று காட்டியது. அறுபத்தொன்றரை என்று சொன்னேன். ஒன்பதாம் நாள் அறுபத்தைந்து. நேற்று ஏறின டிரிப் தண்ணீர் ஆஸ்பத்திரிச் சரக்கு, என் சரக்கு இல்லை, ஈரத்துக்குக் கழிக்க வேண்டும் என்று நியாயம் பேசி அறுபத்திரண்டு என்றேன். பன்னிரண்டாம் நாள் அறுபத்தெட்டை நெருங்கியது. மெஷினிலேயே ஏதோ கோளாறு, ஆளுக்கு இரண்டு கிலோ கூடக் காட்டுகிறது என்று முடிவுகட்டி, அதையும் சேர்த்துக் கழித்து, அறுபத்திரண்டரை என்று உரக்கச் சொன்னேன். எந்த நீருக்காக என்னை எடை பார்க்கச் சொன்னார்களோ அந்த நீரைத்தான் தினமும் ஒழுங்காகக் கழித்துக்கொண்டிருந்தேன்.

பார்க்க வந்தவர்கள் எல்லாம், "மொகம் பூசுனாப்ல இருக்கு, தேறிட்டாரு" என்றார்கள். எனக்கும் பெருமைதான். கழிவறைக்குப் போய் வந்தால் கொஞ்சம் மூச்சு வாங்கியது. ரெண்டு வாரமாகப் படுத்தே கிடந்தால் அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே வைத்தியம் பார்த்துக்கொண்டேன்.

பதிமூன்றாம் நாள் பதினொரு மணி இருக்கும். கொளஞ்சி இரண்டாவது சட்டையைத் தைத்து எடுத்துக்கொண்டு வந்தாள். போட்டுவிட்டாள். வயிற்றுக்கு மேலே பொத்தான் எட்டவில்லை.

"நல்லாத் தச்ச போ" என்றேன்.

அவள் சட்டையைக் கழற்றித் தையலைப் பார்த்தாள். பிறகு கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து என் வயிற்றைச் சுற்றிப் பிடித்தாள். "நாலு இஞ்சி கூட இருக்கு."

"ஆஸ்பத்திரி இட்லி."

"நாலு இஞ்சி இட்லியா?" கணுக்காலை அளந்தாள். விரலால் அழுத்தினாள். மாவில் அழுத்தினது போலக் குழி விழுந்து, குழி அப்படியே நின்றது. "எட எவ்ளோ சொன்னீங்க இன்னிக்கு?"

"அறுபத்திரண்டர. வேணும்னா சீட்டப் பாரு."

"சீட்டு பொய் சொல்லும். டேப்பு சொல்லாது."

"இருபத்திரண்டு வருசமா எட போடுறவன்கிட்ட..."

"பதினெட்டு வருசமா ஒங்களுக்குச் சட்ட தக்கிறவ நானு. எறங்குங்க."

வார்டே பார்க்க என்னை மெஷின் வரைக்கும் நடத்திக் கூட்டிப்போனாள். பத்தடி தூரம்தான். அதற்கு நான் இரண்டு தடவை நின்றேன். மெஷினில் ஏறினேன். அறுபத்தெட்டு புள்ளி ஆறு. ஜெசிந்தா சிஸ்டர் என் சீட்டையும் மெஷினையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"ஐயா, காலைல எவ்ளோ காட்டுச்சு?"

"அறுபத்தெட்டரை. கழிவு போக..."

"என்னத்தக் கழிச்சீங்க?"

நான் விவரமாகச் சொன்னேன். கைலி, அட்டை, துண்டு, தண்ணீர், டிரிப்பு, செல்போன்.

"செல்போன் தலமாட்டுல சார்ஜ்ல கெடக்கு" என்றாள் கொளஞ்சி.

"அது... வழக்கமாக் கழிக்கிறது."

அதற்கு மேல் பேச எனக்கு மூச்சு இல்லை. சிஸ்டர் ஓடினார். டாக்டர் வஹிதா வந்து முதுகில் குழாயை வைத்துக் கேட்டார். அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். நேரே படம் எடுக்க அனுப்பினார். நுரையீரல் படம் கறுப்பாக இருக்க வேண்டும். என்னுடையது பஞ்சு அடைத்தது போல வெள்ளையாக இருந்தது. பாவாடை கட்டின டிரிப்பை நிறுத்தினார்கள். மாத்திரையையும் நிறுத்தினார்கள். ஸ்டீராய்டு ஊசி, நீர் பிரிய ஊசி, முகத்தில் ஆக்ஸிஜன் மூடி. தீவிர சிகிச்சைக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது கொளஞ்சி கட்டிலுக்குப் பக்கத்திலேயே ஓடி வந்தாள். கதவுக்கு வெளியே அவளை நிறுத்திவிட்டார்கள்.

அங்கே நாலு நாள். பேச முடியாது. வாழ்க்கையில் நான் நாலு நாள் பேசாமல் இருந்தது அதுதான் முதல் தடவை. பேசாமல் கிடந்தால் மனம் தானாகக் கணக்குப் போடுகிறது. இத்தனை வருஷமாக எத்தனை மூட்டைக்கு எவ்வளவு ஈரம் என்று கழித்திருப்பேன், அதில் எத்தனை பேர் வீட்டில் அன்றைக்குச் சண்டை நடந்திருக்கும் என்றெல்லாம் நினைத்தேன். பிறகு அதையும் விட்டுவிட்டேன். ஒரு மூச்சை இழுக்க வேண்டும், அடுத்ததை இழுக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. சாகப் பயமாக இருந்தது. அதைவிட, இவள் ஊராருக்கு எப்படிச் சொல்வாள் என்று வெட்கமாக இருந்தது. 'புற்றுநோயில போனாரு' என்றால் மரியாதை. 'கழிவு போட்டுப் போனாரு' என்றால் மண்டியில் படம்கூட மாட்ட மாட்டார்கள்.

கண்ணாடிக் கதவுக்கு அப்பால் கொளஞ்சி தினமும் நின்றாள். ஜாடையில் 'சாப்டியா' என்று கேட்பேன். அவள் ஜாடையில் என்னைத் திட்டுவாள். நீண்ட திட்டு, கையால் அவ்வளவு சொல்ல முடியும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

நீர் இறங்கியது. பை பையாக இறங்கியது. ஐந்தாம் நாள் மூடியை எடுத்தபோது டாக்டர் வஹிதா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "கலியமூர்த்தி, இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா ஒங்கள எங்களால காப்பாத்தியிருக்க முடியுமான்னு எனக்குத் தெரியாது. மருந்து நல்லா வேல செஞ்சுது. அதனாலதான் நீர் வந்துச்சு. நீங்க அத எங்க கண்ணுல படாம பண்ணிட்டீங்க."

"தப்புதாங்க."

"இனிமே எட யாரு பாக்கறது?"

"அவதான்" என்றேன். கொளஞ்சி ஏற்கெனவே அளவு நோட்டில் என் பெயருக்கு ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டிருந்தாள். வயிறு, கணுக்கால், எடை. அடுத்த பக்கத்தில் யாருக்கோ ஒரு கல்யாண ரவிக்கை.

மருந்தை மறுபடி மெதுவாக ஆரம்பித்தார்கள். ஒன்றரை மாதத்தில் மஜ்ஜையில் பிஞ்சு அணுக்கள் கண்ணுக்குத் தெரியவில்லை என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். அதோடு முடியவில்லை. கண்ணுக்குத் தெரியாமல் மிஞ்சியிருப்பதை ஒழிக்க மாதக்கணக்கில் பாஷாணம் ஏற வேண்டியிருந்தது. கொஞ்ச வாரம் தினமும் போவது, கொஞ்ச வாரம் ஓய்வு. உதடு வெடித்தது. மாத்திரை சாப்பிடுகிற வாரங்களில் தலை இடித்தது. ஒவ்வொரு தடவையும் இதயத்துக்குப் படம் எடுத்தார்கள், ரத்தத்தில் உப்பு சரியாக இருக்கிறதா என்று பார்த்தார்கள். புதிதாகச் சேருகிறவர்களிடம் ஜெசிந்தா சிஸ்டர் என்னைக் காட்டி, "எட பாக்கறப்ப வெங்காய மண்டி மாதிரி கழிக்கக் கூடாது" என்று சொல்லிவைப்பார். நான் எழுந்து கும்பிடுவேன்.

கடைசிச் சுற்று முடிந்ததும், ஒட்டிக்கொண்ட அந்த இரட்டைப் புரதத்துக்கான ஜீன் இன்னும் இருக்கிறதா என்று பார்க்க மஜ்ஜையை மறுபடி அனுப்பினார்கள். இருந்தால் எல்லாம் முதலிலிருந்து, அதைவிடக் கடுமையான மருந்தோடு. முடிவு வருகிற அன்றைக்கு ராசேந்திரனும் லாரியை விட்டுவிட்டு வந்தான். காகிதத்தை அவன்தான் முதலில் படித்தான்.

"நாட் டிடெக்டட்னு போட்டிருக்கு, அக்கா. கண்டுபுடிக்க முடியலயாம்."

கொளஞ்சியின் முகம் சுருங்கியது. "கண்டுபுடிக்க முடியலன்னா என்னடா அர்த்தம்? இல்லங்கறாங்களா, எங்கயோ ஒளிஞ்சிருக்குங்கறாங்களா?"

உள்ளே போனோம். டாக்டர் வஹிதா சிரித்த முகமாக இருந்தார். கொளஞ்சி சிரிக்கவில்லை. "டாக்டரம்மா, நல்லாத் தேடுனாங்களா? மேலோட்டமாப் பாத்துட்டு எழுதலியே?"

"தேடுனோம்மா. ஆயிரக்கணக்கான அணுவுல ஒண்ணே ஒண்ணு இருந்தாலும் காட்டிக் குடுக்கிற பரிசோதன இது. அதுலயும் வரல."

"திரும்பி வராதுல்ல?"

டாக்டர் காகிதத்தை வாங்கி மேசைமேல் வைத்தார். "வராதுன்னு சத்தியம் பண்ண மாட்டேன். வர்றது ரொம்ப அபூர்வம். நாங்க பாத்துக்கிட்டே இருப்போம்."

"அத எழுதிக் குடுங்க. தமிழ்ல."

டாக்டர் வஹிதா ஒரு மருந்துச் சீட்டைக் கிழித்தார். பள்ளிக்கூடத்துக்குப் பிறகு தமிழில் எழுதியதே இல்லை போலும். ஒவ்வொரு எழுத்தாக யோசித்து எழுதினார். 'தேடினோம். இல்லை. மூன்று மாதம் கழித்து மறுபடியும் தேடுவோம்.' கீழே கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தினார்.

கொளஞ்சி அதை வாங்கி இரண்டு தடவை படித்தாள். மடித்து வைத்துக்கொண்டாள். கும்பிட்டாள். வெளியே வந்து, வராந்தாவில் கிடந்த இரும்பு நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் அழுதாள். சத்தம் போட்டு, தோள் குலுங்க, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அரியலூரில் அந்த டாக்டர் சொன்னபோதும், கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றபோதும் அவள் அழுது நான் பார்க்கவில்லை. ராசேந்திரன் தண்ணீர் பாட்டிலோடு முழித்துக்கொண்டு நின்றான். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அந்தப் பக்கமாக மருந்துத் தட்டோடு வந்த ஜெசிந்தா சிஸ்டர் பதறிப்போய் நின்றுவிட்டார். "என்னங்கய்யா, ரிசல்ட்டு சரியில்லையா?"

"இல்ல சிஸ்டர், நல்லாயிருக்கு. ஒண்ணுமே இல்லன்னு வந்திருக்கு."

"அப்பறம் ஏன் அக்கா அழுவுறாங்க?"

கொளஞ்சி முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள்.

"இப்பத்தான் நேரம் கெடச்சுது, சிஸ்டர்."